பீலியடி வளைவு

நல்லமுத்து மூன்று வருடமாகக் குளவிமலைத் தோட்டத்து மேல் பாதையில் போனதில்லை. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் வேலை வந்தால், ஏழு மைல் கூடினாலும் பரவாயில்லை என்று பெரிய பாதையாலேயே போய் வருவார். மனைவி கேட்டால், "மேல் ரோட்டுல முழுக்கக் கல்லு, டயர் போயிரும்" என்பார். கல் இருந்தது உண்மைதான்.

அன்று காலை எட்டு மணிக்கு சார்ஜன்ட் தொலைபேசியில் சிங்களத்தில் சொன்னது இரண்டே விஷயம். நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பழனியாண்டி என்ற வயதான தொழிலாளி தேயிலை வடிகால் கானுக்குள் இறந்து கிடக்கிறார், மரண விசாரணைக்கு வரவேண்டும் என்பது ஒன்று. இரவு அடித்த மழைக்குப் பெரிய பாதையில் மரம் விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க மத்தியானம் ஆகும், அதனால் குளவிமலை வழியாக வாருங்கள் என்பது மற்றது.

நல்லமுத்து சிங்களத்திலேயே, சரி என்பதற்கு "ஹரி, ஹரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். வைத்த பிறகும் வலது கையின் பெருவிரலால் மற்ற இரண்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அவருக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி வேலை கிடைத்தது. தோட்டத்து ஆட்கள் 'கொரனர் ஐயா' என்பார்கள். யாராவது தூக்குப்போட்டுச் செத்தால், குளவி கொட்டிச் செத்தால், ஆற்றில் போனால், காரணம் தெரியாமல் கண்மூடினால், அவர் போய்ப் பார்த்து, நாலு பேரை விசாரித்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் என்றால் சடலத்தைப் பிரேத பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் இல்லையென்றால் சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நானூறுக்கு மேல் எழுதிவிட்டார். அதில் ஒன்றுதான் குளவிமலையில் எழுதியது.

பழைய வெள்ளைக் கார் அது. அவர் கையில் வரும்போதே அதற்கு இருபது வயது. ஹட்டனைத் தாண்டி மேல் பாதையில் ஏறத் தொடங்கியதுமே அது முனக ஆரம்பித்தது. மழை விட்டிருந்தது. மூடுபனி மட்டும் தேயிலைக்கு மேலே, தட்டி எழுப்பினாலும் எழும்பாத ஆளைப்போலப் படுத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் கியரிலேயே ஏற்றினார். சூட்டைக் காட்டும் முள் மேலே போவதைப் பார்த்தார். இன்னும் இரண்டு வளைவு, அதற்குப் பிறகு இறக்கம், போய்விடலாம் என்று நினைத்தார். இரண்டாவது வளைவில் பொனட்டுக்குள்ளிருந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாய் ஆவி. கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

இறங்கிப் பொனட்டைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. தண்ணீர் முழுக்க ரோட்டில். தொலைபேசியை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், அப்போதும் இல்லை. எஞ்சின் 'டிக், டிக்' என்று ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம்.

எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

வளைவுக்குக் கீழே, எட்டுப் படி இறங்கினால் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு இரும்புக் குழாய் வழியாக வந்து கருங்கல் மேல் விழும். அந்தக் கல்லில்தான் தலை அடிபட்டுக் கிருஷாந்தி செத்தாள் என்று அவர் எழுதியிருந்தார்.

காரின் பின் சீட்டில் இரண்டு காலி போத்தல்கள் கிடந்தன. எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். வேறு என்ன செய்வது? தண்ணீர் ஊற்றாமல் கார் அசையாது. குழாயை எப்படியாவது கட்ட வேண்டும். நோட்டனில் ஒரு சாவு வீடு அவருக்காகக் காத்திருக்கிறது. இதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பெப்ரவரி மாதத்தில், மழையே இல்லாத ஒரு நாள். அவர் வந்தபோது சடலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் கிடத்தியிருந்தார்கள். இருபத்தாறு வயது. விடியற்காலையில் பீலிக்குக் குளிக்கப் போனவள் பாசியில் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்துவிட்டாள் என்று புருஷன் பிரதாப் சொன்னான். தலை குழாய்க்கு நேர் கீழே கிடந்தது, தண்ணீர் அவள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது, நான்தான் தூக்கினேன் என்று அழுதான். கட்டியிருந்த பாவாடை ஈரமாகத்தான் இருந்தது. நல்லமுத்து குனிந்து தலையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

முடி காய்ந்திருந்தது.

இரத்தம் கட்டியிருந்த இடத்தில்கூட ஈரமில்லை. விரலை எடுத்தபோது அதில் சாம்பல் ஒட்டியிருந்தது. பெண்கள் பீலியில் சாம்பல் போட்டுத்தான் பாத்திரம் விளக்குகிறார்கள் என்று நினைத்தார். குளிருக்குத் தலை நனைக்காமல் மேலுக்குக் குளித்திருப்பாள் என்று நினைத்தார். தண்ணீர் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது என்றானே என்பதை நினைக்கவில்லை. நினைத்தார், ஆனால் அதைத் தள்ளி வைத்தார். வெளியே, வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுக்க நின்றது. தோட்டத்துத் தலைவர் சோலைமலை கையைப் பிடித்துக்கொண்டு, "அறுக்க மட்டும் அனுப்பிறாதீங்கய்யா, சின்னப் பொண்ணு" என்றார். பெண்ணின் தகப்பன் ஆண்டியப்பனும் அதையேதான் கேட்டார். அன்று இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தவறி விழுந்ததனால் ஏற்பட்ட மரணம், சந்தேகம் இல்லை, என்று எழுதினார்.

இப்போது அவர் போத்தலை நீட்டினார். குழாய்த் தண்ணீர் கையில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். போத்தல் கல்லில் விழுந்து உருண்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ படியில் நிற்பதுபோல இருந்தது. திரும்பக் கூடாது என்று ஏனோ தோன்றியது.

"ஐயா, அதுல புடிக்காதீங்க."

திரும்பினார். மூடுபனிக்குள் ஒரு பெண். ஒரு நொடி அவளேதான் என்று நினைத்தார். பிறகுதான் இவள் வேறு பெண், உயரம் குறைந்தவள், பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை போட்டவள் என்று தெரிந்தது. இடது கையில் ஒரு வாளித் தண்ணீர். வலது கையைச் சட்டைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

"வீட்டுப் பைப்புத் தண்ணி கொண்டாந்திருக்கேன். இந்தப் பீலியில இப்ப யாரும் எடுக்கிறதில்லங்க. அக்கா விழுந்ததுல இருந்து ஒருத்தரும் இந்தப் படியில எறங்க மாட்டாங்க. துணி தொவைக்கக்கூட வரமாட்டாங்க."

"எந்த அக்கா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு முதல் சம்சாரம். கிருஷாந்தி அக்கா." அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நீங்கதானே கொரனர் ஐயா? சத்தங் கேட்டு வந்து பாத்துட்டு அவருதான் சொன்னாரு, கொரனர் ஐயாட காரு, தண்ணி கொண்டு போன்னு. எம்பேரு சர்மிளாங்க." மேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

பிரதாப் மாறவேயில்லை. முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதால் கையோடு சாமான் பையையும் கொண்டுவந்திருந்தான். அவரைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினான்.

"ஐயாவ மறக்க முடியுமா? இந்தப் பக்கம் வரவே மாட்டேங்கிறீங்களேன்னு நாங்க பேசிக்கிறது."

குனிந்து குழாயைப் பார்த்தான். "இது ஒண்ணுமில்லங்க. டியூப் ரப்பர்ல இறுக்கிக் கட்டினா நோட்டன் வரைக்கும் போயிரும். அங்க புதுசு போட்டுக்கலாம். ஆனா எஞ்சின் ஆறணும். சூட்டுல தண்ணி ஊத்தினா ஹெட்டு வெடிச்சிரும். ஒரு அரை மணித்தியாலம் வீட்டுல உக்காருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேணாம்பா, நான் இங்கேயே..."

"இந்தக் குளிருலயா? வாங்கய்யா."

அவன் வேலை செய்தபோது நல்லமுத்து அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கை. பழைய டியூபைக் கீறி நாடாவாக்கி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் நூல் இடம் விடாமல் சுற்றினான். சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"அன்னைக்கு நீங்க வந்ததுனாலதாங்க எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு. வேற ஆளா இருந்தா அறுத்துக் கூறு போட்டு, ஊரு வாயில விழுந்து... ஐயாவுக்குப் புண்ணியம்."

சர்மிளா படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதன் நல்லமுத்துவுக்கு நன்றி சொல்கிறான். அவர் குனிந்து குழாயைப் பார்த்தார்.

லயத்தில் ஆள் அரவம் இல்லை. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். கடைசி வீடுதான் பிரதாப்பின் வீடு. முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டான். சுவரில் கிருஷாந்தியின் படம், பிளாஸ்டிக் மாலை, சிவப்புக் குமிழ் விளக்கு. உயிரோடு இருந்த முகத்தை நல்லமுத்து இப்போதுதான் முதன்முதலில் பார்த்தார். படத்தில் அவள் சிரிக்கவில்லை, படம் எடுப்பவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருப்பவளைப்போல இருந்தாள். பின்னால் குசினிக் கதவு திறந்திருந்தது. அடுப்பும், அடுப்பைச் சுற்றிக் கட்டிய சீமெந்து விளிம்பும், அதன் மேல் சாம்பலும் தெரிந்தன. கண்ணை எடுத்துக்கொண்டார். எடுத்த கண் திரும்பத் திரும்ப அங்கேயே போனது.

சர்மிளா தேத்தண்ணீர்க் கோப்பையை இடது கையால் நீட்டினாள். கம்பளிச் சட்டையிலிருந்து வெளியே வந்த வலது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. பழைய துணியால் சுற்றியிருந்தாள்.

"கையில என்னம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பிரதாப் வாசலில் நின்றபடி சொன்னான்.

"அது ஒண்ணுமில்லங்கய்யா. முந்தாநாளு பீலிக்குப் போயி வழுக்கி விழுந்துட்டா. பாசி. எத்தன தரம் சொன்னாலும் கேக்க மாட்டா."

யாரும் எடுக்காத தண்ணீர். யாரும் இறங்காத படி. அதே பீலி, அதே பாசி, அதே வழுக்கல். சொன்னவனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, அன்று இதே வாசலில் சொன்ன மாதிரியேதான் இருந்தது. சர்மிளா மட்டும் அவரை நேராகப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

பயமாகத்தான் இருந்தது. அறுபத்தெட்டு வயது, தனி ஆள், கார் ஓடுமா ஓடாதா தெரியாது. ஆனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விசாரணையில் பேசுகிற குரலை எப்படியோ தொண்டைக்குக் கொண்டுவந்தார்.

"எலும்பு விட்டிருக்கும்போல இருக்கு. இத இப்படியே வைக்கக் கூடாது. நான் நோட்டனுக்குத்தானே போறேன். அங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு விட்டுர்றேன்."

"வேணாங்கய்யா, ஒங்களுக்கு எதுக்குச் செரமம். சாயந்தரம் நான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன்."

"செரமம் எனக்குத்தான்பா. இந்தக் காரு வழியில மறுபடி நின்னா தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும். பொலிஸ் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. நேரம் போனா ஏன்னு கேட்டு ஆள் அனுப்புவாங்க."

பொலிஸ் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னார். பிரதாப் அவரைப் பார்த்தான். பிறகு சர்மிளாவைப் பார்த்தான். அவள் அதற்குள் கதவுக்குப் பின்னால் தொங்கிய சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய கேனோடு வெளியே இறங்கியிருந்தாள். பை எடுக்கவில்லை. வேறொரு துணிகூட எடுக்கவில்லை.

"மத்தியானத்துக்குள்ள வந்திரு," என்றான் பிரதாப்.

அவள் தலையாட்டினாள்.

தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். இருமியது. இன்னொரு தடவை திருப்பினார். பிடிக்கவில்லை. பிரதாப் சிரித்துக்கொண்டே காருக்குப் பின்னால் போனான். "இறக்கந்தானேங்க, தள்ளிவிடுறேன்" என்றான். கண்ணாடியில் அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் பின்கண்ணாடியில் பதிந்திருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால், பின் சீட்டில், சர்மிளா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கார் நகர்ந்து, வேகம் எடுத்து, ஒரு குலுக்கலில் உயிர் பிடித்தது. கைகள் மறைந்தன. அவன் பனிக்குள் நின்றபடி கையசைத்தானா இல்லையா என்று நல்லமுத்து பார்க்கவில்லை.

நாலைந்து வளைவு தாண்டினார்கள். பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா எப்படிங்கய்யா செத்தாங்க?"

காரை நிறுத்திவிட்டுப் பேசலாமென்றால் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். ஓட்டிக்கொண்டேதான் பதில் சொல்ல வேண்டும். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டைப் பார்த்தே சொன்னார்.

"எனக்குத் தெரியாதும்மா." கொஞ்ச தூரம் போன பிறகு, "தெரியாதுன்னு சொல்றது பொய். தெரிஞ்சுக்கிற எடத்துல நின்னுக்கிட்டு நான் கேக்காம வந்துட்டேன். தண்ணியில கெடந்த பொண்ணுன்னு சொன்னாங்க. தலமுடி காஞ்சிருந்துச்சு. சாம்பல் இருந்துச்சு. என் கையால தொட்டுப் பாத்தேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"அந்த அடுப்பு வெளிம்புல ஒரு பக்கம் புதுசா சீமெந்து பூசியிருக்குங்க. நான் கட்டி வந்தப்பவே கேட்டேன். சட்டி விழுந்து ஒடைஞ்சிச்சுன்னாரு." கேனை மடியில் இறுக்கிக்கொண்டாள். "முந்தாநாளு எந்தலையையும் அங்கதான் கொண்டுபோனாரு. நான் கையை ஊண்டிக்கிட்டேன். அக்கா ஊண்டலபோல."

நல்லமுத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இறக்கத்தில் பனி விலகி, கீழே நீர்த்தேக்கம் ஒரு துண்டு தகரம் மாதிரித் தெரிந்தது.

"ஒங்க வீட்டாளுங்க எங்கம்மா இருக்காங்க?"

"பொல்பிட்டியவுல அண்ணன் இருக்காரு. கரண்ட் ஸ்டேசன்ல கூலிக்கு நிக்கிறாரு. போன் அவருதான் வச்சிருக்காரு, என் போனு." முதல் 'அவரு' அண்ணன், இரண்டாவது 'அவரு' பிரதாப் என்று அவருக்குப் புரிந்தது. "அண்ணன் நம்பரு மனப்பாடம்."

நோட்டனில் சிக்னல் வந்ததும் தன் தொலைபேசியைக் கொடுத்தார். அவள் பேசியது நாலே வார்த்தை. டாக்டரிடம் கொண்டுபோய் விட்டு, எலும்பில் வெடிப்பு என்று அவர் எழுதிக் கொடுத்ததையும், எப்படி வந்தது என்று அவள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அண்ணன் விஜிதரன் ஒரு மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணித்தியாலம் பிந்தியிருந்தது. சார்ஜன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழனியாண்டியின் மகன்கள் இரண்டு பேரும், "ஐயா, வயசான மனுசன், குடிவெறியில விழுந்திட்டாரு, அறுக்க வேணாங்க, இன்னைக்கே அடக்கம் பண்ணிருறோம்" என்று கும்பிட்டார்கள். நல்லமுத்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, தேயிலைக்குள் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டுபோய் விசாரித்தார். ஒருவர் பேசும்போது மற்றவரை நிற்க விடவில்லை. பிறகு பிரேத பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கிழவி அவர் காதுபடத் தூற்றினாள். இரண்டு நாள் கழித்து வந்த முடிவில் பழனியாண்டிக்கு மாரடைப்பு என்றிருந்தது. கிழவி தூற்றியது சரியாகத்தான் போயிற்று. இருந்தாலும் அந்தக் கையெழுத்தை நினைத்து அவர் ஒரு நாளும் விழித்துக் கிடந்ததில்லை.

நோட்டனிலிருந்து திரும்பிய அன்று பின்னேரமே நீதவானுக்குக் கடிதம் எழுதினார். நாலு தடவை கிழித்துப் போட்டார். கிழித்த நாலிலும் 'அப்போதைய சூழ்நிலையில்' என்று ஒரு சொல் வந்திருந்தது. ஐந்தாவதில் அது இல்லை. முடி காய்ந்திருந்ததைக் கண்டேன், சாம்பலைக் கண்டேன், எழுதவில்லை என்று மட்டும் இருந்தது. மனைவி வாசித்துப் பார்த்துவிட்டு, "வேலை போயிருமே" என்றாள். "போகட்டும்" என்றார்.

ஆனால் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறி ஆண்டியப்பனைத் தேடிப் போனார்.

ஆண்டியப்பன் வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியில் கோவாக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நல்லமுத்துவைக் கண்டதும் எழும்பவில்லை. நல்லமுத்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் ஆண்டியப்பன் இரண்டு கன்றுக்கு மண் அணைத்தார்.

"குளிப்பாட்டின பொம்பளைங்க அன்னைக்கே என் சம்சாரத்துக்கிட்ட சொன்னாங்கய்யா. தலையில தண்ணி ஊத்தினப்ப சாம்பல் கரைஞ்சு கரைஞ்சு ஓடுச்சுன்னு."

"அப்ப... ஏன் சொல்லல?"

"சந்தேகம் இருக்கான்னு கேட்டீங்க. கேட்டீங்க, இல்லேங்கல. அப்ப அவன் எம்பக்கத்துல நின்னான். அவன் கையி என் தோள் மேல இருந்துச்சு. மாமா, மாமான்னு அழுதுக்கிட்டு அமுக்கிப் புடிச்சிருந்தான். ஊரே நிக்குது. இல்லேன்னுட்டேன்." மண்கையை வேட்டியில் துடைத்தார். "அறுக்க வேணாம்னு நாந்தானே ஒங்கள கும்பிட்டேன். நீங்க ஒருத்தரு மட்டும் அவளப் பொதைக்கலைங்க. ரெண்டு பேருந்தான் பொதைச்சோம்."

திட்டியிருந்தால் நல்லமுத்து தாங்கிக்கொண்டிருப்பார். இதற்கு எப்படி நிற்பது என்று தெரியாமல் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நீதிமன்றம் சடலத்தைத் தோண்டி எடுக்க உத்தரவு போட ஏழு வாரம் ஆனது. அதற்குள் நல்லமுத்துவின் பதவி போய்விட்டது. அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்துவிட்டார். சர்மிளா கொடுத்த முறைப்பாட்டில் பிரதாப்பைப் பிடித்து, பிணையில் விட்டிருந்தார்கள். அவன் ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் பஸ் நிலையத்தில் நல்லமுத்துவைக் கண்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். அதே சிரிப்பு. அன்றிரவு நல்லமுத்துவின் காதில் தண்ணீர் விழுகிற சத்தம் விடியும்வரை கேட்டது. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் அவர் மனைவி எழும்பிப்போய் இறுக்கி மூடிவிட்டு வந்தாள். ஒன்றும் ஒழுகவில்லை.

தோண்டுகிற நாளுக்கு முந்திய நாள் ஆண்டியப்பன் ஆள் அனுப்பியிருந்தார். நாளைக்கு நீங்களும் வரணும், எனக்குத் தனியாக நிற்க ஏலாது, என்று.

குளவிமலை மயானம் தேயிலைக்கு மேலே, காட்டு ஓரத்தில் இருந்தது. தூறிக்கொண்டிருந்தது. நீதவான், சட்ட வைத்தியர், பொலிஸ்காரர்கள், மண்வெட்டியோடு நாலு பேர். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையை இறக்காமலே எட்ட மலையில் வரிசையாக நின்று பார்த்தார்கள். நல்லமுத்துவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையில் பைல் இல்லை, பேனா இல்லை. பொலிஸ் கட்டிய நாடாவுக்கு வெளியே ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் நின்றார்.

மண் ஈரமாக, சுலபமாக வந்தது. இடுப்பளவு இறங்கியதும் தோண்டுகிறவர்களில் ஒருவன் கையை உயர்த்தினான். மண்வெட்டி பலகையில் பட்ட சத்தம் மேலே நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஆண்டியப்பன் நல்லமுத்துவின் முழங்கைக்கு மேலே பிடித்தார். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது, வலித்தது.

"முடிய மொதல்ல பாக்கச் சொல்லுங்கய்யா," என்றார். "மண்டைய அப்புறம் பாக்கட்டும். கழுவினாலும் எல்லாச் சாம்பலும் போயிருக்காது. மொதல்ல முடியப் பாக்கச் சொல்லுங்க. நெறைய முடி அவளுக்கு."

நல்லமுத்து சட்ட வைத்தியரைக் கூப்பிட வாயெடுத்தார். வைத்தியர் அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியிருந்தார். தூறல் பலத்தது. யாரோ குழிக்கு மேலே குடையை விரித்துப் பிடித்தார்கள். ஆண்டியப்பன் பிடித்த கையை விடவில்லை, நல்லமுத்துவும் விடுவித்துக்கொள்ளவில்லை.